பிறர் பெயரில் ஒரு பயணம்

பெருநாளுக்கு ஊர் செல்வோர்க்கு இரயிலில் இடம் கிடைப்பது எளிதன்று. பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பே பதிவு தொடங்கி, விரைவில் தீர்ந்துவிடுகிறது. பெருநாளோ பிறையைப் பொறுத்தது. இதற்கிடையில் ஒருவருக்கு விடுமுறை கிடைக்காமற் போகும். மற்றொருவருக்குத் திடீரெனக் கிடைக்கும். "அவர் சீட்டில் இவர் போகட்டுமே" என்னும் பேச்சு அப்போதுதான் எழுகிறது.

எங்கள் குடும்பத்திலும் எழுந்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலி செல்ல என் பெயரில் பதிந்திருந்தேன், செல்ல இயலவில்லை. கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகன் அச்சீட்டைக் கேட்டான்.

"பணம் கொடுத்தாகிவிட்டது மாமா. இடம் சும்மாதானே கிடக்கும்? யாருக்கு என்ன நட்டம்?"

இடம் சும்மா கிடப்பதில்லை. ஆர்.ஏ.சி. சீட்டு பெற்றோர், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவராகப் பகிர்ந்து அமர்ந்து செல்கின்றனர். உறுதியான இடம் பெற்ற ஒருவர் விலகினால், அப்படுக்கை முறைப்படி அவர்களுள் ஒருவருக்குச் சேர்கிறது. அவர் முதியவராக இருக்கலாம். கைக்குழந்தையுடன் வரும் தாயாகவும் இருக்கலாம். முகமறியாத அவருடைய ஹக்கைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. ஒருவர் பெயரில் வழங்கிய சீட்டை அவரே பயன்படுத்த வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 53ஆம் பிரிவு. எனினும் அது வழியை முற்றாக அடைத்துவிடவில்லை. வண்டி புறப்பட 24 மணி நேரம் முன்பாக முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், பெற்றோர், உடன்பிறந்தார், கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோர் பெயருக்கு மாற்றித் தருவர். திருமணக் குழுவினரும் மாணவர் குழுவினரும் 48 மணி நேரம் முன்பாக விண்ணப்பிக்கலாம். என் தமக்கை செல்வதாயின் மாற்றியிருக்கலாம்; அவர் மகனுக்கு அவ்வழி இல்லை.

"யாரேனும் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன்" என்றான் அவன். இதுவே என்னை அதிகம் உறுத்தியது. முப்பது நாள் நோன்பில் நாவைக் காத்த பிள்ளை, பெருநாளை நோக்கிய பயணத்தில் பொய்ப்பெயர் சுமந்து செல்வதா? பொய்யுரையை விட்டு விலகுமாறு திருமறை பணிப்பது, நீதிமன்றக் கூண்டில் நிற்பவர்க்கு மட்டுமன்று.

சீட்டை நீக்கம் செய்தேன். பிடித்தம் போக மீதித் தொகை வந்தது. மருமகன் இரவு முழுதும் பேருந்தில் அமர்ந்து ஊர் சேர்ந்தான். தமக்கையாருக்கோ மனவருத்தம். "நீ பெற்ற பிள்ளையாயிருந்தால் பெயரை மாற்றியாவது அனுப்பியிருப்பாயே, தம்பி" என்றார். சட்டப்படி அது உண்மையாகவும் இருந்ததால், மறுமொழி கூற இயலவில்லை. அவருடைய வருத்தம் தீரச் சில மாதங்களாயின.

உறவினர்க்காக நம் பணத்தை விட்டுக்கொடுக்கலாம். நேரத்தையும் உழைப்பையும் விட்டுக்கொடுக்கலாம். வரிசையில் காத்திருக்கும் அயலாரின் முறையை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை. பயணம் இல்லை என்று தெரிந்தவுடனேயே சீட்டை நீக்கம் செய்துவிடுவோமாயின், எங்கோ ஒருவர் அன்றிரவு கால் நீட்டி உறங்குவார். அவர் நம்மை அறியமாட்டார், அல்லாஹ் அறிவான்.