ஜீரோ பொத்தானுக்கு முன்னால்

அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சரிபார்க்கும் பிரஷர் கேலிபிரேட்டர் பழுது என்று வந்து சேர்ந்தால், அதைத் திறப்பதற்கு முன்னால் அப்படியே எங்கள் டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, அது என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அழுத்தம் ஏறும்போது ஐந்து இடத்தில், இறங்கும்போது அதே ஐந்து இடத்தில். எங்கள் தொழிலில் இதற்கு 'ஆஸ் ஃபவுண்ட்' ரீடிங் என்று பெயர். வந்தபோது இருந்த நிலை. இந்த வேலையில் அதிகம் தவிர்க்கப்படுவது இதுதான். எங்கள் மேசையில் மிக முக்கியமான வேலை என்று நான் நம்புவதும் இதைத்தான்.

தவிர்ப்பதற்குக் காரணம் அவசரம். "ஷட் டவுன் போயிட்டிருக்கு சார், நாளைக்கே வேணும்" என்றுதான் முக்கால்வாசிக் கருவிகள் வருகின்றன. மெக்கானிக்கின் கை தானாகத் திருப்புளியைத் தேடும். ஆனால் திருத்திய அந்த நிமிடமே பழைய பிழை அழிந்துவிடும். மிக்ஸியைச் சரிசெய்கிறவருக்கு அது போன மாதம் எப்படி ஓடியது என்ற கவலை வேண்டாம். ஓடவில்லை, இப்போது ஓடுகிறது, அவ்வளவுதான். அளவுக் கருவியின் கணக்கு வேறு. அது பிசகிய நாளுக்கும் பிசகு தெரிந்த நாளுக்கும் நடுவே அதை நம்பிப் பல பேர் பலவற்றைச் 'சரி' என்று கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துகளெல்லாம் செல்லுமா செல்லாதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, வந்தபோது எடுத்த ரீடிங்தான்.

ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து 35 கிலோ ரேஞ்ச் கேலிபிரேட்டர் ஒன்று ஹேண்ட் பம்போடு வந்தது. (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதை ஆலைகளில் வெறும் கிலோ என்றுதான் சொல்வார்கள்.) 'சென்சார் போய்விட்டது, மைனஸ் காட்டுகிறது' என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆன் செய்தால் ஒன்றிலும் மாட்டாமல் திறந்த காற்றிலேயே மைனஸ் 0.4 காட்டியது. கூட வேலை பார்க்கும் பையன் கேட்டான்: "ஜீரோ அடிச்சிரவாண்ணே?"

"அடிக்காத தம்பி. முதல்ல எழுது."

டெஸ்டரில் மாட்டிப் பார்த்தோம். அழுத்தம் 5 கிலோ வைத்தால் 4.6 என்றது, 20 வைத்தால் 19.6. எல்லா இடத்திலும் அதே 0.4 குறைவு. பிழை இப்படி ஒரே சீராக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூஜ்ஜியத்தைத்தான். பம்பைப் பிரித்ததும் விஷயம் புரிந்தது. அழுத்தத்தை வெளியேற்றும் துளையில் டெஃப்லான் டேப்பின் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. வால்வைத் திறந்தாலும் காற்று முழுதாக வெளியேறாமல் 0.4 கிலோ உள்ளேயே தங்கியிருக்கிறது. அது தெரியாமல் யாரோ ஜீரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்த 0.4-ஐயே பூஜ்ஜியம் என்று கருவி எடுத்துக்கொண்டுவிட்டது.

பழுது என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. துணுக்கை எடுத்து, பம்பைக் கழற்றிவிட்டு, திறந்த காற்றில் ஜீரோ அடித்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ஆலையின் பாய்லர் 21 கிலோ பாய்லர். இந்தக் கருவியை வைத்துத் திருத்திய கேஜ் 21 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் 21.4 இருக்கும். கேஜ் குறைத்துக் காட்டுவது கூட்டிக் காட்டுவதைவிடப் பொல்லாதது. நெருப்பைக் கவனிக்கிறவர் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைப்பார். சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று செட் செய்வதும் ஏதோ ஒரு கேஜைப் பார்த்துத்தான். 35 கிலோ ரேஞ்சில் 0.05 சதவீதத் துல்லியம் கொண்ட கருவிக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.02-ஐக்கூடத் தொடாது. இங்கே இருந்தது அதைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினீயரைக் கூப்பிட்டேன்.

"சென்சார் போச்சா சார்?"

"சென்சார் நல்லா இருக்கு சார். ஆஃப் சீசன்ல இத வச்சு எதெல்லாம் பார்த்தீங்க?"

"பாய்லர் ஹவுஸ் முழுக்க இதுதான் சார்."

அவர் ரெஜிஸ்டர் வைத்திருந்தார். எந்தத் தேதியில் எந்த கேஜை எந்தக் கருவியால் பார்த்தார் என்று ஒவ்வொரு வரியும் இருந்தது. அரவை தொடங்க நாள் இருந்ததால் அத்தனையையும் மறுபடி பார்த்துவிட்டார்கள். அந்தப் பையன் பழக்கதோஷத்தில் ஜீரோ அடித்திருந்தால், கருவி சுத்தமாக வேலை செய்திருக்கும். 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்போம். பாய்லர் ஹவுஸ் அப்படியே ஓடத் தொடங்கியிருக்கும்.

கேலிபிரேட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பம்பைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பழுதில் பாதி பம்பிலிருந்துதான் பிறக்கிறது. லைனில் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி நேராகப் பம்பில் மாட்டினால், அதற்குள் தேங்கியிருக்கும் தண்ணீரும் துருவும் அழுத்தத்தை இறக்கும்போது பம்புக்குள் வந்துவிடும். நான்-ரிட்டர்ன் வால்வின் இருக்கையில் ஒரு மணல் பருக்கை உட்கார்ந்தால் போதும், பிறகு எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் நிற்காது. நடுவில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் சிறு டிராப் ஒன்றைப் போட்டுக்கொண்டால் இது தீர்ந்தது. டெஃப்லான் டேப்பை மரையின் முதல் சுற்றை விட்டுத்தான் சுற்ற வேண்டும். நுனியில் சுற்றினால் பிய்ந்து உள்ளேதான் போகும். ஆயில் பம்பாக இருந்தால் கையில் கிடைத்ததை ஊற்றும் வழக்கம் வேறு இருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்றிய பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நைட்ரைல் ரப்பரில் செய்த ஓ-ரிங் அதில் ஊறி உப்பி, பள்ளத்திலிருந்து பிதுங்கி நிற்கும். ஓ-ரிங்கைக் கழற்ற இரும்பு ஊசி எடுப்பதையும் நான் அனுமதிப்பதில்லை. பள்ளத்தில் விழும் மயிரிழைக் கீறல் எத்தனை புது ரிங் போட்டாலும் கசியும். மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருக்கிறோம்.

எல்லாக் கசிவும் கசிவல்ல. காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடாகும். சூடு ஆற ஆற அழுத்தம் இறங்கும். பம்பில் 20 அடித்துவிட்டு 19.8-க்கு இறங்குவதைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்து மூட்டுகளை முறுக்குகிறவர்கள் நல்ல மரையைக் கெடுத்துவிடுவார்கள். ஓரிரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், இறக்கம் மெதுவாகி நின்றால் அது சூடு. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. அப்புறம்தான் சோப்புத் தண்ணீர்.

இவ்வளவும் பார்த்து வந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்டரே பிசகியிருந்தால் என்ன செய்வது? டெட் வெயிட் டெஸ்டரின் தத்துவம் எளிமையானது. தெரிந்த பரப்புள்ள பிஸ்டன்மேல் தெரிந்த எடையை வைத்தால் அழுத்தம் தெரிந்துவிடும். ஆனால் எடைக்கல்லை இழுக்கும் புவியீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். உலகப் பொது அளவாக வைத்திருப்பது 9.80665 மீட்டர்/வினாடி². சென்னையில் அது சுமார் 9.783 தான். பொது அளவுக்கு வார்த்த எடைகளை அப்படியே இங்கே பயன்படுத்தினால் அழுத்தம் 0.24 சதவீதம் குறைவாக உண்டாகும். 100 என்று கல்லில் எழுதியிருக்கும், 99.76 தான் கிடைக்கும். 0.05 சதவீதக் கருவியை இதை நம்பித் திருத்தினால், நல்ல கருவியைக் கெட்டதாக்கி அனுப்புகிறோம். வெளியூரிலிருந்து செகண்ட் ஹேண்டாக டெஸ்டர் வாங்குகிறவர்கள், அதன் எடைகள் எந்த ஈர்ப்புக்கு வார்த்தவை என்று சர்ட்டிபிகேட்டில் தேடிப் படிக்க வேண்டும். பிஸ்டனையும் சிலிண்டரையும் ஜோடி மாற்றவும் கூடாது; ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தியவை அவை. வெறும் விரலால் பிஸ்டனைத் தொடுவதும் ஆகாது.

எங்கள் டெஸ்டர் ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போய் வருகிறது. அந்த ஆய்வகத்தின் அளவு படிப்படியாக மேலே போய் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடிகிறது. 1947-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரர். சென்னையில் ஒரு மேசைமேல் இருக்கும் எடைக்கல்லுக்கு இப்படி ஒரு வம்சாவளி இருப்பதை, புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் வேலை தொடங்குவதில்லை. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஏதோ ஒரு ஆலையில் கேஜை அண்ணாந்து பார்க்கும் தொழிலாளி. அவருக்கு முந்தின கண்ணி நாங்கள் திருத்திய கருவி.

ஆக்சிஜன் லைனுக்குப் போகும் கருவியைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்லிவிட வேண்டும். 'எண்ணெய் கூடாது' என்று முகப்பிலேயே எழுதிய கேஜ்கள் உண்டு. உயர் அழுத்த ஆக்சிஜனில் துளி எண்ணெய் தீப்பிடிக்கப் போதும். ஒருமுறை ஆயில் பம்பில் மாட்டிய கேலிபிரேட்டரைத் துடைத்துவிட்டோம் என்று சொல்லி ஆஸ்பத்திரி ஆக்சிஜன் லைனுக்கு அனுப்பக் கூடாது. எங்களிடம் இரண்டு அலமாரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதுவும் போகாது, ஸ்பானர்கூட.

வேலை முடிந்ததும் இரண்டு பக்கம் கொடுக்கிறோம். முதல் பக்கம் வந்தபோது இருந்த ரீடிங், இரண்டாவது போகும்போது இருக்கும் ரீடிங். "முதல் பக்கம் வேண்டாம் சார், ஆடிட்ல கேள்வி வரும்" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அந்தப் பக்கம் இல்லாமல் கொடுக்க என்னால் முடியாது. அது எப்போதும் குற்றப்பத்திரிகை அல்ல. பிழை வரம்புக்குள் இருந்தால், போன வருடம் முழுக்க அவர்கள் அந்தக் கருவியால் பார்த்த ஒவ்வொரு கேஜுக்கும் அதுதான் நற்சான்று. வேறு எந்தக் காகிதமும் அதைச் சொல்லாது. அதனால் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஜீரோ அடிக்காதீர்கள். திறந்து பார்க்காதீர்கள். பேட்டரியை மட்டும் கழற்றிவிடுங்கள். கசிந்தால் போர்டு போகும். கடைசியாக எந்த லைனில் எந்த அழுத்தத்தில் பயன்படுத்தினீர்கள், எண்ணெயா தண்ணீரா காற்றா என்று சீட்டில் எழுதுங்கள். அழுக்கோடு வந்தாலும் பரவாயில்லை, துடைக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.