பதினான்கும் பதினெட்டும்

நோயை உருவகமாக்காதே என்று ஸூஸன் ஸொன்டாக் 1978-ல் எழுதினார். எனக்குச் சம்மதமே. ஆனால் விழுப்புரத்தில் ஏறி, பேரணி தாண்டுவதற்குள் அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை ஐந்தாம் தடவை படிக்கும்போது, கவிதை வாசித்துப் பழகிய மூளை சும்மா இருப்பதில்லை. பாலிக்குலர் லிம்போமா. 14;18 இடமாற்றம் உள்ளது. அவ்வளவுதான் வாசகம்.

18-ம் குரோமோசோமில் பிசிஎல்2 என்று ஒரு ஜீன். ஸெல்லைச் சாகாமல் தடுக்கும் புரதத்தை உண்டாக்குவது அதன் காரியம், அதையும் அளவோடு. 14-ல் ஆன்டிபாடி ஜீன்கள்—பி லிம்போஸைட்டில் ஓயாமல் வேலை நடக்கும் ஸ்தலம். எலும்பு மஜ்ஜையில் இவற்றை வெட்டி ஒட்டும் வேளையில், ஒரு பிசகில், பிசிஎல்2 இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஜீன் கெடவில்லை, சேர்ந்த இடம்தான் தப்பு. சாகவேண்டிய ஸெல் தங்கிவிடுகிறது. புற்று என்றாலே வெறிகொண்ட பெருக்கம் என்ற நம் கற்பனை இங்கு உதவாது. இது பிரதானமாக, மரணம் மறுக்கப்பட்டதன் வியாதி. 1988-ல் மெல்போர்னில்தான் இது புலப்பட்டது. உருவகம் தானாக வந்து நிற்கிறது, ஸொன்டாக் மன்னிக்க.

இந்த இடமாற்றத்தை 1979-ல் எழுதியவர்கள் ஃபுகுஹாராவும் ஜேனட் ரௌலியும். ரௌலி சாப்பாட்டு மேஜையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து ஜோடி சேர்த்துப் பார்ப்பவர். காகிதப் பொம்மை விளையாட்டு என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். நம் சித்தாந்த விமர்சகர்கள் சிலருக்கு அந்த மேஜையைச் சிபாரிசு செய்வேன்.

திண்டிவனத்தில் பிரச்னை வேறு. அக்கா மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தது. ‘குரோமோசோம்’ என்ற சொல் மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டி, பரம்பரை வியாதி என்று அர்த்தமாகிவிட்டது. “தம்பி, பொண்ணுக்கும் இருக்குமா?” என்றார் மாமா.

இது பிறவியில் வந்ததல்ல, அக்காவின் ஏதோ ஒரு ஸெல்லில் பிற்பாடு நேர்ந்தது, கருமுட்டையில் இல்லாதது மகளுக்குப் போகாது என்றேன். நெருங்கிய ரத்த உறவுக்கு லிம்போமா ஆபத்து சற்றே கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கும் இந்த இடமாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. மாமாவின் முகம் முதல் பாதியிலேயே தெளிந்துவிட்டது, இரண்டாம் பாதியில் மறுபடி இருண்டது.

இன்னொன்றும் உண்டு. ஆரோக்கியமான பெரியவர்கள் பலருடைய ரத்தத்தில், நுணுகித் தேடினால், இதே 14;18 சில ஸெல்களில் கிடைக்கும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மாப்பிள்ளையின் தகப்பனாருக்கும் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அக்கா சிரித்தாள். “வேணாண்டா. அப்புறம் அவங்க பொண்ணு கல்யாணமும் நின்னுடும்.”