சுவிஸ் மாமியின் கசப்புத் துளிகள்

போர்டிங் அறையில் நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் காஸ்ரிக். கலைப்பீடத்தில் காஸ்ரிக் இல்லாத ஒருத்தியைக் காட்டுங்கோ பாப்பம் என்று நாங்களே பகிடி விடுவோம். காலையில எட்டு மணி லெக்சருக்கு வெறும் வயிற்றோடு ஓட்டம், பத்து மணிக்குக் கன்ரீனில் ஒரு பிளேன்ரீயும் ரோல்ஸும், மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவு அசைன்மென்ட்டோடு கோப்பி. சோம்பல் மட்டும் காரணமில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் கணக்குக் கொப்பியில் முதலில் வெட்டுப்பட்டது காலைச் சாப்பாடுதான்.

எங்களில் வவுனியாக்காரியின் மாமி சுவிஸில், பாசல் பக்கம் இருக்கிறா. போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது சொக்லேட்டோடு இரண்டு போத்தல்களும் கொண்டுவந்தா. ஒன்று மண்ணிறக் கண்ணாடியில் துளி மருந்து. மற்றதில் கறுப்புத் தூள் அடைத்த குளிசைகள். மாமி அங்கே ரெஸ்ரோரன்ட் குசினியில் நின்று நின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவ. "இது எங்கட ஊர் மருந்து மாதிரித்தான் பிள்ளையள். மரம், செடி, கல்லு. ஒரு பக்கவிளைவும் இல்லை. அங்க டொக்டர்தான் எழுதித் தந்தவர்" என்றா. மாமி சொல்லில் பொய் இல்லை. சுவிஸில் 2009ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் மாற்று மருத்துவத்துக்கு ஆம் என்றார்கள். 2017 முதல், அதற்கெனப் பயின்ற வைத்தியர் செய்தால், இந்த மருத்துவத்துக்கும் அடிப்படைக் காப்புறுதி பணம் கட்டுகிறது.

துளியை நாங்கள் நாலு பேரும் வரிசையில் நின்று நாக்கு நீட்டிக் குடித்தோம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. பாவற்காய் இதற்குப் பக்கத்திலும் வராது. மலையகத்துப் பிள்ளை மட்டும் முகம் சுளிக்கவில்லை. "எங்க பாட்டி வேப்பங்கொழுந்து அரைச்சு உருட்டிக் குடுக்கும், இதெல்லாம் என்னடி" என்றாள். அதில் இருந்த முக்கியமான சரக்கு ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் வேர். அந்த வேரில் உள்ள அமரோஜென்டின் என்ற பொருளை ஐந்து கோடியே எண்பது இலட்சம் மடங்கு தண்ணீரில் கரைத்தாலும் நாக்குக்குத் தெரியுமாம். அதோடு மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடி ஒன்று, டான்டெலியன், இன்னும் சில. கசப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீரும் இரைப்பை அமிலமும் ஊறும், பசி எடுக்கும். எங்களுக்கும் எடுத்தது. அன்றிரவு இரண்டு றாத்தல் பாண் காலி. மாமி வாழ்க!

எங்களில் மெய்யியல் பாடம் செய்கிறவள் தேடத் தொடங்கினாள். இந்த மருத்துவத்துக்கு அந்த்ரோபொசொபி மருத்துவம் என்று பெயர். தொடக்கியவர் ருடொல்ப் ஸ்ரைனர், வைத்தியர் இல்லை, மெய்யியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். (அவளுக்கு அது பெரிய பெருமை. எங்கட பாடத்துக்கும் வேலை இருக்கு பாத்தியளா என்று இரண்டு நாள் சொல்லித் திரிந்தாள்.) 1920இல் பாசலுக்குப் பக்கத்து டோர்னாக் என்ற ஊரில் வைத்தியர்களுக்கு விரிவுரை செய்தார். அடுத்த வருடம் ஈற்றா வெக்மன் என்ற பெண் வைத்தியர் அயலூரான ஆர்லெஸ்ஹைமில் இதற்கென்று ஒரு மருத்துவமனை திறந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1925இல், ஸ்ரைனர் இறந்த ஆண்டிலேயே வந்தது.

அவர்கள் பார்வையில் செடி என்பது தலைகீழாய் நிற்கிற மனிதன். வேர் எங்கள் தலைக்கும் நரம்புக்கும், இலை மூச்சுக்கும் இதயத்துக்கும், பூ வயிற்றுக்கும் கைகாலுக்கும். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிற சேர் கேட்டால் நல்ல உவமை என்று சொல்லியிருப்பார். கறுப்புக் குளிசையில் இருந்தது பேர்ச் என்ற மரத்தின் கரி, கமோமைல் வேர், அன்ரிமனி உள்ள ஒரு கனிமம். ஊசி ஊசியாய் வளர்கிற அந்தக் கனிமம் உடம்புக்கு உருவம் கொடுக்கும், இரத்தத்தை உறைய வைக்கும் என்று ஸ்ரைனர் நம்பினார். இந்த வகை மருந்துகள் சிலவற்றில் எங்கட எட்டி விதையையும் நன்றாக ஐதாக்கிச் சேர்ப்பார்களாம். எட்டி காய்த்தென்ன என்று பழமொழி சொல்லிக் கைவிட்ட மரம் ஜெர்மன்காரரின் வயிற்றுக்கு மருந்து.

பரீட்சை வந்தது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு வயிற்றெரிவு கூடியது. "ஒண்டுமில்லகா, காஸ்ரிக்தானே" என்று துளியைக் கூட்டிக் குடித்தாள். வயிறு ஊதினால் கறுப்புக் குளிசை. அவள் தலையிடிக்கும் மாதவிடாய் வலிக்கும் டைக்குளோபெனாக் போடுகிறவள், அதுவும் வெறும் வயிற்றில். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நாங்களும் போடுகிறவர்கள்தான்.

ஒரு நாள் காலையில், வெளிக்குப் போனால் கறுப்பாய்ப் போகுது என்றாள். நாங்கள் சிரித்தோம். கரி தின்றால் கரிதானே போகும்! அந்த விளக்கம் எங்களுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் பரீட்சை மண்டபப் படியில் கண் இருட்டி இருந்துவிட்டாள். உதடு வெளிறி, கை குளிர்ந்துபோய். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இளம் வைத்தியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "கறுப்பெண்டா எப்பிடி? தார் மாதிரி ஒட்டுதோ? நாறுதோ?" என்பதுதான். ஒட்டியிருக்கிறது, நாறியிருக்கிறது. கரியால் கறுத்தது அப்படி ஒட்டாது, நாறாது. அது சமித்துப்போன இரத்தம். வயிற்றுக்குள் நாலு நாளாக இரத்தம் கசிந்திருக்கிறது, நாங்கள் கரி என்று கெக்கட்டம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பைன்ற் இரத்தம் ஏற்றினார்கள். கமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் முன்சிறுகுடலில் புண். பரிசோதனையில் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பக்ரீரியாவும் இருந்தது. பெரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1984இல் தன் வயிற்றிலேயே குடித்து நோய் வருவித்துக் காட்டினாரே, அதே கிருமி. அதற்கு அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது பதினாலு நாளுக்கு இரண்டு அன்ரிபயோட்டிக்கும் ஒமிப்பிரசோலும்.

துளி மருந்தின் போத்தலையும் வைத்தியரிடம் காட்டினோம். அவர் ஏசவில்லை. பசி இல்லாத வயிற்றுக்குக் கசப்பு நல்லது, புண் இருக்கிற வயிற்றுக்கு அமிலத்தைக் கூட்டுகிற எதுவும் கூடாது என்றார், அவ்வளவுதான். ஜெர்மன் மொழித் தாளைப் பிறகு போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். மலத்தில் இரத்தம் கண்டால் வைத்தியரிடம் போகவும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாமிக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியும், பக்கத்தில் வைத்தியரும் இருந்தார். எங்களிடம் போத்தல் மட்டும் வந்தது.

அன்ரிமனிக்கும் இரத்தம் உறைவதற்கும் ஸ்ரைனர் போட்ட முடிச்சில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கசிந்துகொண்டிருந்த இரத்தம் அந்தக் குளிசையைக் கண்டு உறையவும் இல்லை. ஆனால் கசப்பு பசியைத் தூண்டும் என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டோம், பாட்டியும் அதைத்தான் சொன்னவ. எங்களைக் குடைவது வேறு. டைக்குளோபெனாக்கை மருந்து என்று நினைத்ததால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. துளியையும் கரியையும் மருந்தென்றே நினைக்கவில்லை. சாப்பாடு மாதிரி, மாமி மாதிரி நினைத்தோம். ஆஸ்பத்திரியிலும் மூன்றாவது தரம் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னோம்.

அவள் விட்ட இரண்டு பாடங்களை அடுத்த வருடம் எழுதுகிறாள். இப்போது காலையில் நாலு பேரும் ஆளுக்கு ஐம்பது ரூபா போட்டுப் பாணும் சம்பலும் வாங்குகிறோம். வாழைப்பழம் மலிந்தால் அதுவும்.

மாமி போன கிழமை வீடியோவில் வந்தா. "மருந்து முடிஞ்சுதே பிள்ளையள்? இன்னொண்டு அனுப்பட்டே?" என்று கேட்டா. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். மட்டக்களப்புப் பிள்ளைதான் போனை வாங்கி, "இன்னும் கிடக்கு மாமி" என்றாள்.