முதல் வரியில தண்ணித் தொட்டியைப் போடுங்க தம்பி

உள்ளாட்சித் தேர்தலையும் நம்ம வயித்தையும் சேர்த்து ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

விக்கிரமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி. ஊராட்சித் தேர்தல் வந்தா வார்டு மெம்பருக்கு நிக்கப் போறாராம். அம்மாவை சுகர் செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்தவர், போன்ல ஒரு லிஸ்ட்டைக் காட்டினார். ஹைமாஸ் லைட், சிமென்ட் ரோடு, பஸ் நிழற்குடை, ஊர் எல்லையில ஒரு வளைவு. "வேற எதாவது சேர்க்கணுமா சார்?"

"எல்லாம் இருக்கட்டும். முதல் வரியில தண்ணித் தொட்டியைப் போடுங்க தம்பி"ன்னேன்.

"அதான் தண்ணி தெனமும் வருதே சார்."

வருது. அதுகூட என்னென்ன வருதுங்கறதுதான் என் கவலை.

ஒரே வாரத்துல ஒரே தெருவுலேர்ந்து மூணு குழந்தைங்க வயித்துப்போக்கோட வந்தா, எந்த டாக்டருக்கும் முதல் சந்தேகம் அந்தத் தெருக் குழாய் மேலதான். டைபாய்டு, காலரா, ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை எல்லாமே கழிவு கலந்த தண்ணியில வர்றதுதான். குளுக்கோஸ் ஏத்தி, ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்புவோம். குழந்தை வீட்டுக்குப் போய் அதே தண்ணியைத்தான் குடிக்கும். கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு அந்த வாரச் சம்பளமும் போச்சு.

இதைத் தடுக்க என்ன வேணும்? மேல்நிலைத் தொட்டியில 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கரைச்சு ஊத்தி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்கணும். கடைசி வீட்டுக் குழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். சோதிக்கறதுக்கு ஒரு கையடக்க டப்பா போதும். சொட்டு விட்டா தண்ணி மஞ்சளாகும். நிறமே மாறலைன்னா அன்னைக்கு குளோரின் இல்லைன்னு அர்த்தம். மூட்டை பிரிஞ்சு ஈரக் காத்துல கிடந்த பவுடரா இருந்தா வீரியமும் போயிருக்கும்.

அடுத்தது குழாய். நம்ம ஊர்ல தண்ணி 24 மணி நேரமும் ஓடறதில்ல. நின்ன நேரத்துல பைப்புக்குள்ள அழுத்தம் குறையும். சாக்கடை ஓரமா ஒரு விரிசல் இருந்தா போதும், வெளியில நிக்கற கழிவை உள்ளே இழுத்துக்கும். இதுல நேரா பைப்புலயே மோட்டார் வச்சு உறிஞ்சற வீடுகள் வேற. அந்த மோட்டாரைக் கழட்டச் சொன்னா ஓட்டு போகும்னு தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதான் யாரும் நோட்டீஸ்ல போடறதில்ல!

1854-ல லண்டன் பிராட் தெருவுல காலரா. ஜான் ஸ்னோங்கற டாக்டர் வீடு வீடா சாவுகளைக் கணக்கெடுத்து, ஒரு அடிபம்புதான் காரணம்னு சொன்னார். அவரால சொல்லத்தான் முடிஞ்சுது. பம்போட கைப்பிடியைக் கழட்ட உத்தரவு போட்டது அந்தப் பகுதியோட உள்ளாட்சிக் குழு. அதே ஆளுங்க நோய் அடங்கினதும் கைப்பிடியைத் திரும்ப மாட்டிட்டாங்கங்கறது தனிக் கதை.

இங்கேயும் அதிகாரம் அப்படித்தான் பிரிஞ்சிருக்கு. குடிநீர், வடிகால், தெருவிளக்கு எல்லாம் 1994 ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியோட கடமை. அரியலூர், ஜெயங்கொண்டம் மாதிரி நகராட்சியில இருக்கறவங்களுக்கு கவுன்சிலர்தான் கேட்க வேண்டிய ஆள்.

டெங்குவும் இதே கதைதான். ஏடிஸ் கொசு முட்டை காஞ்ச தொட்டிச் சுவர்ல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், தண்ணி பட்டதும் பொரியும். மருந்து அடிச்சா மட்டும் போதாது, தொட்டியைத் தேய்ச்சுக் கழுவணும். அதைச் செய்யற டேங்க் ஆபரேட்டருக்கு நேரத்துக்குச் சம்பளம் வருதான்னு கேட்கற மெம்பர் எனக்கு வளைவு கட்டற மெம்பரை விடப் பெரிய ஆள்.

நம்ம மாவட்டத்துல 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்த ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. அப்புறம் தனி அலுவலர்கள் கையில போச்சு. மெம்பர் இல்லைங்கறதுக்காக நோய் காத்திருக்காது. வருஷத்துல ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க எழுந்து ரெண்டே கேள்வி கேளுங்க. தொட்டி கடைசியா எப்ப கழுவினீங்க? குளோரின் சோதிச்ச நோட்டைக் காட்டுங்க.

நிறைய ஊர்ல தொட்டிச் சுவர்லயே கழுவின தேதியை எழுதியிருப்பாங்க. உங்க ஊர்ல என்ன தேதி இருக்குன்னு நாளைக்குப் பார்த்துட்டு கீழே சொல்லுங்க மக்களே.