வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி

"வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம், வா" என்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருக்கும் என் அண்ணன் போனில் கூப்பிட்டபோது, ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், நிஜமாகவே வாசலில் நின்றது மோட்டார் ஹோம்! பஸ் நீளத்துக்கு வண்டி. உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. அது போதாதென்று அதன் வாலில் ஒரு ஜீப்பையும் கட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு அண்ணி?" என்றேன்.

"வீட்டை ஓரிடத்தில் நிறுத்திட்டா, ஒரு பால் பாக்கெட் வாங்க அதைக் கிளப்ப முடியுமா? அதுக்குத்தான்" என்று சிரித்தார் அண்ணி.

வண்டி ஓட்டுவது அண்ணன். ஜீப்பைப் பூட்டுவது அண்ணியின் பொறுப்பு. கோலம் போடுகிற நிதானத்தோடு செய்வார். இரண்டு கை போன்ற இரும்புக் கம்பியை ஜீப்பின் முன்பக்கத்தில் மாட்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு தடித்த பின் செருகி, பின் நழுவாதபடி கிளிப் போடுவார். கம்பிக்கு அடியில் இரண்டு சங்கிலிகள், கத்தரிக்கோல் போலக் குறுக்காக. கம்பி கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளுமாம். ஒரு மெல்லிய கம்பிக் கயிறும் உண்டு. ஜீப் அறுந்து பிரிந்தால் அது இழுபட்டு, ஜீப்பின் பிரேக்கைத் தானாகப் போட்டுவிடும்.

எல்லாக் காரையும் இப்படி நான்கு சக்கரமும் உருள இழுக்க முடியாதாம். பல ஆட்டோமேடிக் கார்களில் என்ஜின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். என்ஜினை அணைத்துவிட்டு இழுத்தால் எண்ணெய் இல்லாமல் கியர் பெட்டி கெட்டுப்போகும். அதனால் காரோடு வரும் புத்தகத்தைப் பார்க்காமல் யாரும் இழுக்கக் கூடாது என்றார் அண்ணன்.

மே மாதத்தில் ஒரு நாள் கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பினோம். சுமார் 800 கிலோமீட்டர். கலிபோர்னியாவில் பின்னால் வண்டி இழுத்துப் போனால் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். பாலைவனக் காற்று வேறு வண்டியை அசைத்துப் பார்த்தது. அன்றிரவு அரிசோனாவில் கிங்மன் என்ற ஊரில் தங்கினோம். ஜீப்பைக் கழற்றி, கடைக்குப் போய் தயிரும் காய்கறியும் வாங்கி வந்தோம்.

மறுநாள் காலை அண்ணி ஜீப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியே, "அண்ணி, காபி ஆறிப் போகுது, சீக்கிரம் வாங்க!" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தேன். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டார்.

பூட்டிய பிறகு நாலைந்து மைல் போனதும் நிறுத்தி, ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பின்னால் போன அண்ணி பேச்சு மூச்சில்லாமல் நின்றார். நானும் இறங்கிப் போனேன். ஒரு பக்கத்துப் பின் முக்கால்வாசி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது! கிளிப்போ அண்ணியின் ஸ்வெட்டர் பையில். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால், இரண்டு டன்னுக்குக் கொஞ்சமே குறைந்த ஜீப் ஒரு கையில் மட்டும் தொங்கி ரோட்டில் அலைந்திருக்கும். பின்னால் வருகிறவர்கள் கதி?

எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. "என்னாலதான் அண்ணி" என்றேன்.

"இல்லைம்மா, பாதியில் எழுந்து வந்தது என் தப்பு. இனிமே நடுவில் யார் கூப்பிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிச்சுடணும்" என்றார். பின், கிளிப், சங்கிலி, கயிறு, விளக்கு, ஜீப்பின் ஹாண்ட் பிரேக் என்று விரல் விட்டு எண்ணி மறுபடி பார்த்தார். இந்த முறை நானும் கூடவே எண்ணினேன்.

வில்லியம்ஸ் ஊரிலிருந்து வடக்கே திரும்பி 60 மைல். ஜீப்பில் ஏறிப் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போனோம். ஒரு மைல் ஆழம், 446 கிலோமீட்டர் நீளம். சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை அடுக்குகள். மாலை வெயிலில் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. நல்லபடியாக வந்து சேர்ந்தோமே என்ற நினைப்பும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டேன், சகோதரிகளே. கேஸ் சிலிண்டர் மாற்றுகிறவரையோ, ஏணியில் நின்று பல்பு மாட்டுகிறவரையோ பாதியில் கூப்பிடுவதில்லை. காபி ஆறினால் ஆறட்டும். சுட வைத்துக்கொள்ளலாம்!