கை அறிந்த திசை

அத்தா விட்டுச்சென்ற கேனான் காமிரா முதுமையெய்தவே, பள்ளிகொண்டாவில் நிக்காஹ் படம் பிடித்துவந்த நாம், 1980இல் வெளிவந்த நிக்கான் எஃப்3 வகைப் பழைய காமிரா ஒன்றை வாங்கினோம். 1959இல் வகுத்த லென்ஸ் பொருத்தும் முறையையே நிக்கான் தொடர்ந்ததால், அதற்குப் பழைய லென்ஸ்கள் ஏராளம். ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்து ஓசை கேட்டோம். லென்ஸில் பூஞ்சை உண்டாவென ஒளியில் பார்த்தோம். நம் கையைச் சோதிக்க மறந்தோம்! கேனான் லென்ஸும் நிக்கான் லென்ஸும் குவியம் காண எதிரெதிர்த் திசைகளில் திரும்புபவை. மணமகன் 'கபூல்' கூறிய நொடியில் நம் விரல்கள் பழைய திசைக்கே சென்றன, படம் தெளிவிழந்தது. அவ்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்பர்களே, காமிராவை ஒரே நாளில் மாற்றினோம்; கை மாற மாதங்கள் ஆயின. அத்தாவின் லென்ஸ்களை விற்க இன்னும் மனம் வரவில்லை.