வென்றவள் இருந்த தவம்

அரசகுமாரியாக வளர்ந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணந்த ஈசன், நீடாமங்கலம் அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதராக வீற்றிருக்கிறார். 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது அத்தலத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. சதுரங்கப் புதிர்களில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைகளோடு வடக்கேயிருந்து அங்குச் செல்லும் பெற்றோர், வழியில் கடலூரிலும் சிதம்பரத்திலும் தங்கிச் செல்வது நன்று. அங்கும் தலக்கதை ஒரு போட்டிதான்.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்க் கதையில் வருவது சொக்கட்டான். ஆட்டந்தோறும் வென்றவள் அம்பிகை. வெற்றி தமதே என்றார் ஈசன். ஊடலுற்ற தேவி அவர் கண்களைப் பொத்த, உலகம் இருண்டது. அப்பிழை தீரத் தலந்தோறும் வழிபட்டு வந்தவளுக்குப் பாதிரிமரச் சோலையில் இடக்கண் துடித்தது. இறைவன் முன்னரே சொல்லியிருந்த அடையாளம் அது. அங்கே அருவமாய்த் தவமிருந்தவளை அருந்தவநாயகி என்று போற்றுகின்றனர். வென்றவள் ஏன் தவமிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும், கேட்கட்டும். பிற ஆலயங்களில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்வார்; இங்கே அம்பிகையே எழுந்தருள்வது வழக்கம்.

புலிக்கால் முனிவர் வழிபட்டமையால் சிதம்பரமும் புலியூரே. நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவரைக் காணும்போது, புதிர் பழகிய பிள்ளைக்கு ஒன்று விளங்கும். ஈசனின் ஒவ்வோர் அடிக்கும் காளி மறு அடி வைத்தாள். காலைத் தலைக்குமேல் தூக்கிய அந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் விடையில்லை. புதிரில் தேடுவதும் எதிராளிக்கு விடையில்லாத அந்த ஒரு நகர்வைத்தானே! தோற்ற காளிக்கு ஊர் எல்லையில் தனிக்கோயில் உண்டு. தில்லைக்கு வருவோர் அவளையும் தரிசித்தே திரும்புவர்.